கருமை யார்க்கு உரியது?

கரிய நிறம் தமிழர்க்குப் புதிதன்று. விளக்கின் சுடர்மேல் தட்டைக் கவிழ்த்துச் சேர்த்த புகைக்கரியே மங்கையர் கண்ணுக்கு மையாயிற்று. குழந்தையின் கன்னத்தில் கண்ணேறு கழிக்கும் பொட்டாயிற்று. தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் வாழும் எளிய குடும்பத்தாரும் பொருட்செலவின்றிப் பெறக்கூடிய நிறம் அது. அத்தகைய நிறத்தின் மிக உயர்ந்த வடிவத்தை ஒருவர் தமக்கே உரியதாக்கிக் கொள்ளலாமா என்னும் வினா அண்மைக் காலத்தில் எழுந்தது.

2014ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டுச் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் ‘வாண்டாபிளாக்’ என்னும் கரும்பூச்சினை அறிவித்தனர். தன்மேல் படும் ஒளியில் நூற்றுக்கு 99.965 பங்கை அது விழுங்கிவிடும். மயிரிழையினும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய கரிக்குழல்கள், நாற்றங்காலில் பயிர் நிற்பதுபோல் அதில் நெருங்கி நிற்கின்றன. அவற்றினிடையே புகுந்த ஒளி மீள்வதில்லை. அங்குமிங்கும் மோதி இறுதியில் வெப்பமாக மாறிவிடுகிறது. ஒளி திரும்பாமையால் மேடும் பள்ளமும் கண்ணுக்குப் புலப்படா. கசங்கிய தகடும் தட்டையான இருளாகவே காட்சியளிக்கும். தொலைநோக்கியினுள் வேண்டாத ஒளி சிதறாமல் தடுக்க இத்தகைய பூச்சுப் பெரிதும் உதவும்.

மும்பையில் பிறந்து, இலண்டனில் வாழ்ந்து, உலகப் புகழ் பெற்ற சிற்பி அனிஷ் கபூர், இப்பூச்சினைக் கலைத்துறையில் பயன்படுத்தும் தனியுரிமையைப் பெற்றார் என்னும் செய்தி 2016ஆம் ஆண்டில் பரவியது. கலைஞர் பலர் மனம் வருந்தினர். ஸ்டூவர்ட் செம்பிள் என்னும் ஆங்கிலேய ஓவியர், தாம் ஆக்கிய இளஞ்சிவப்பு வண்ணத்தைக் கபூர் ஒருவர் நீங்கலாக யாவரும் வாங்கலாம் என்று அறிவித்தார்.

அரிதின் முயன்று ஒன்றைக் கண்டவர் அதன் பயனை அடைதல் முறையே. மேலும், அப்பூச்சு கடையில் வாங்கித் தூரிகையால் தீட்டும் சாயமன்று; தனிப்பொறிகளின் துணைகொண்டு ஆக்கப்படுவது. அதனை எல்லார்க்கும் வழங்குதல் எளிதன்று. இவை மறுக்கத்தக்கன அல்ல. ஆயினும், ஆக்கியோர் ஊதியம் பெறுதல் வேறு. பிற கலைஞரின் கைகளைக் கட்டுதல் வேறு. பொருளுக்கு விலை வைப்பவர் உழைப்பின் பயனைக் கேட்கிறார். ஒருவர்க்கே என்று வரையறுப்பவரோ பிறர் கற்பனைக்கு வேலியிடுகிறார்.

கலை வளரும் வழியை அறியத் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. சென்னையின் தென்பால், கடலோரத்து ஈஞ்சம்பாக்கத்தில், 1966ஆம் ஆண்டில் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. ஓவியரும் சிற்பியரும் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயின் துணையால் நிலம் வாங்கிக் குடியமர்ந்தனர். அங்கே முயற்சி பொதுவாயிற்று. கைவண்ணமோ அவரவர்க்கே உரியதாய் விளங்கிற்று. பொதுமை தனித்திறனை அழிக்கும் என்னும் அச்சம் பொருளற்றது என்பதற்கு அக்கிராமமே சான்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து அறிஞர்கள், 99.995 பங்கினும் மிகுதியாக ஒளியை விழுங்கும் கருமையை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டீமட் ஸ்ட்ரீபே என்னும் கலைஞர் அதனால் விலையுயர்ந்த வைரம் ஒன்றைப் போர்த்தினார். ஒளிர்ந்த மணி இருளில் மறைந்தது. வணிக நோக்கமற்ற கலைப்படைப்புகளுக்கு அதனை எக்கலைஞரும் பயன்படுத்தலாம் என்றும் அவர்கள் அறிவித்தனர். இதுவே சான்றோர்க்கு அழகு.

ஒளியை விழுங்குதல் கருமையின் இயல்பு. பிறர் வாய்ப்பை விழுங்குதல் கலைஞர்க்கு இயல்பாதல் கூடாது. வண்ணம் யாவர்க்கும் பொது. அதனை ஆளும் திறனே அவரவர் தனியுடைமை.