அமிலத்தை அடக்கும் மாத்திரை

இக்காலத்துக் குடும்பங்களில் அஞ்சறைப் பெட்டிக்கு அடுத்தபடியாக அந்தஸ்துப் பெற்றுவிட்ட பெட்டி ஒன்று உண்டு. மருந்துப் பெட்டியைத்தான் சொல்லுகிறோம். திறந்து பார்த்தால் ரத்தக் கொதிப்புக்கு ஓர் அட்டை, சர்க்கரைக்கு ஓர் அட்டை, முழங்கால் வலிக்கு ஓர் அட்டை என்று அடுக்கியிருக்கும். கூடவே, பாதி தீர்ந்த நிலையில், 'கேஸ் மாத்திரை' என்னும் செல்லப் பெயர் பூண்ட அட்டையும் இருக்கும். மற்றவை இன்னாருக்கு உரியவை என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியும். கேஸ் மாத்திரைக்கு மட்டும் தனி உரிமையாளர் கிடையாது. பாட்டிக்குப் புளியேப்பம் வந்தாலும் அதுதான். கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் கேட்ட மாப்பிள்ளைக்கும் அதுதான்.

இந்த மாத்திரைக்குப் பாண்டோப்ரசோல், ஓமெப்ரசோல், எஸோமெப்ரசோல், ராபெப்ரசோல் என்று நாமங்கள் பல, குலம் ஒன்றே. வைத்தியரின் சீட்டு இல்லாமல் விற்கலாகாது என்று நம் தேசத்துச் சட்டம் வகுத்திருக்கும் அட்டவணையில் பாண்டோப்ரசோலும் ஓமெப்ரசோலும் சேர்ந்திருக்கின்றன. ஆயினும் கடை வாசலில் நின்று பெயரைச் சொன்னால் சீட்டைக் காட்டு என்று கேட்பவர் அரிது. சட்டம் இவ்வளவு கவலைப்பட வேண்டிய காரணம் என்ன என்பதை நேயர்கள் அறிந்துகொள்வது நலம்.

முதலில் மருந்தின் பெருமையைச் சொல்லிவிடுவோம். இரைப்பைப் புண்ணுக்காக வயிற்றை அறுத்து, இரைப்பையின் ஒரு பகுதியையே எடுத்தெறிவது ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் வாடிக்கையாயிருந்தது. 1976-ஆம் வருஷம் சிமெடிடின் என்ற மருந்து வந்து அந்த நிலைமையை மாற்றத் தொடங்கியது. அதன் கர்த்தாவாகிய ஜேம்ஸ் பிளாக் என்னும் விஞ்ஞானிக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷத்தில் ஸ்வீடன் தேசத்திலிருந்து ஓமெப்ரசோல் புறப்பட்டது. இவற்றால் கத்திக்குத் தப்பியவர்கள் ஏராளமானோர். ஆகையால் இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் அட்டையைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். முன்பு ரத்தம் கசிந்த புண் உள்ளவர்களும், ஹிருதயத்துக்காக ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாதிருக்க வேறொரு மருந்தும் சேர்த்து உண்ணும் வயோதிகர்களும், தங்கள் டாக்டரைக் கேளாமல் இதை நிறுத்துவது ஆபத்து.

நம் இரைப்பையின் சுவரில் நுண்ணிய அறைகள் உண்டு. ஆகாரம் வருகிறது என்று தெரிந்ததும் அவற்றிலுள்ள நுண்ணிய பம்புகள் விழித்துக்கொண்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இறைக்க ஆரம்பிக்கும். விழித்திருக்கும் பம்பைத்தான் இந்த மாத்திரை பிடித்து நிறுத்தும். உறங்கும் பம்பை அது ஒன்றும் செய்யாது. எனவே பம்பு விழிக்கும் சமயத்தில் மருந்து ரத்தத்தில் தயாராயிருக்கவேண்டும். காலை ஆகாரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக விழுங்கச் சொல்வது இதனாலேயே. விருந்து முடிந்தபின், வெற்றிலை பாக்கோடு மாத்திரையையும் போட்டுக்கொள்ளுகிறவருக்கு அதனால் கிடைக்கும் பலன் அற்பம். மாத்திரையைப் பொடித்தும் மென்றும் தின்னலாகாது. அமிலத்தை அடக்க வந்த மருந்தே அமிலத்தில் பட்டால் கெட்டுவிடும் என்பதால், குடலுக்குப் போய்ச் சேரும்வரை அதைக் காக்க மேலே ஒரு பூச்சுப் பூசியிருக்கிறார்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் செல்லும். உடனே எரிச்சல் தணியவேண்டுமானால் வெள்ளைத் திரவமாக வரும் அமில முறிப்பு மருந்தே ஏற்றது.

இது நிற்க. தர்மபுரி ஜில்லாவுக்கு வருவோம். வயிற்று மாத்திரையைப் பற்றிப் பேசுகையில் அந்த ஜில்லா ஏன் நினைவுக்கு வரவேண்டும்? காரணம் அங்குள்ள ஜலம். பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் முதலிய பக்கங்களில் நிலத்தடிப் பாறைகளிலிருந்து புளோரைடு என்னும் உப்பு கிணற்று நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது உத்தமம், வேறு வழியில்லாதபோது ஒன்றரை வரை பொறுக்கலாம் என்பது நமது தேசத்தின் அளவுகோல். தர்மபுரியில் அந்த அளவை மீறிய ஆழ்குழாய்க் கிணறுகள் பல. சிறு வயதில் அந்நீரைக் குடித்தவர்களின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படியும். பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி, கழுத்தைத் திருப்பவும் குனியவும் முடியாமற் போகும். இந்தத் துன்பத்தைப் போக்குவதற்காகவே ஜப்பானிய அரசாங்கத்தின் கடனுதவியோடு, ஏறக்குறைய 1,928 கோடி ரூபாய்ச் செலவில், ஒகேனக்கல்லிலிருந்து காவேரி நீரைக் கொண்டுவரும் திட்டம் போட்டு 2013-ல் திறந்துவைத்தார்கள்.

புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுப்பது எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். வயிற்றையும் அது விடுவதில்லை என்பது பலர் அறியாதது. இரைப்பையிலுள்ள அமிலத்தோடு சேர்ந்து அது ஹைட்ரோபுளோரிக் அமிலமாக மாறி, இரைப்பையின் மெல்லிய உட்தோலை அரிக்கிறது. டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் இவ்விஷயத்தை நெடுங்காலம் ஆராய்ந்த ஏ. கே. சுசீலா என்னும் அம்மையார், வயிற்று வலி, உப்புசம், குமட்டல் ஆகியவை புளோரைடு நோயின் ஆரம்ப அறிகுறிகளாகவே வரக்கூடும் என்றும், நல்ல தண்ணீர் குடித்தால் அவை தணிகின்றன என்றும் எடுத்துக் காட்டியிருக்கிறார்.

இனி ஒரு சங்கிலியைப் பாருங்கள். தண்ணீரால் முழங்கால் வலிக்கிறது. வலிக்காக டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்ற மாத்திரைகளை வாங்கி விழுங்குகிறோம். அவை இரைப்பையின் காப்பைக் குலைத்துப் புண்ணாக்குகின்றன. புண்ணுக்காகக் கேஸ் மாத்திரை கூட வருகிறது. வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் சேர்ந்தே ஒரு குப்பியில் அடைபட்டும் வருவதுண்டு! கேஸ் மாத்திரை இரைப்பையையும் அதற்கு அடுத்த முன்குடலையும் காப்பாற்றும். அதற்குக் கீழேயுள்ள குடலைக் காக்காது. சிறுநீரகத்தைக் காக்கவே காக்காது. வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் பகை. அபூர்வமாகவே எனினும் கேஸ் மாத்திரையும் சிறுநீரகத்தை வீங்கச் செய்யும். இதை உத்தேசித்து 2019-ல் இந்தியாவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி, இந்த மருந்துகளோடு வரும் குறிப்பில் அந்த எச்சரிக்கையைச் சேர்க்கும்படி உத்தரவிட்டார். உடம்பில் புகுந்த புளோரைடை வெளியேற்றும் பிரதான வழியோ அந்தச் சிறுநீரகமேதான்! ஆரம்பத்தில் குற்றவாளியாயிருந்த கிணறு மட்டும் இந்தச் சங்கிலியில் யாராலும் விசாரிக்கப்படாமலே இருந்துவிடுகிறது.

ஆகையால் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் செய்யவேண்டிய முதற்காரியம், சமையலுக்கும் குடிப்பதற்கும் எடுக்கும் நீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலையில் கொடுத்துப் பார்ப்பது. காய்ச்சினால் புளோரைடு போய்விடும் என்று எண்ணிவிட வேண்டாம். நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு ஏறும். குழாயில் காவேரி வந்தும், சோறு வேக ஆழ்குழாய் நீர்தான் ருசி என்று பிடிவாதம் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

வயிற்றுப் புண்ணுக்கு மிளகாயும் மனக்கவலையுமே காரணம் என்று வெகுகாலம் வைத்தியர்களே நம்பியிருந்தனர். ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் இருவர், பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்றனர். உலகம் நம்ப மறுத்தது. 1984-ல் மார்ஷல் அக்கிருமிகளைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டு நிரூபித்தார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. அந்தக் கிருமி இருப்பவர் அதை ஒழிக்கும் மருந்துகளை இரண்டு வாரம் முறையாக உண்ணவேண்டும். கேஸ் மாத்திரையை மட்டும் வருஷக்கணக்கில் விழுங்கினால் எரிச்சல் மறையும், கிருமி சௌக்கியமாயிருக்கும்.

வருஷக்கணக்கில் விழுங்குவதால் வேறு நஷ்டங்களும் உண்டு. ஆகாரத்திலிருந்து பி-12 என்னும் ஜீவசத்தைப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். சைவ போஜனம் செய்கிறவர்களுக்கு அச்சத்து முன்பே சொற்பம்; சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் உண்பவர்களுக்கு இன்னும் சொற்பம். கால் மரத்துப்போதலும் மறதியும் வந்தால் வயதின் மேல் பழிபோடாமல் ரத்தத்தைப் பரிசோதிப்பது நன்று. இரும்புச் சத்தும் மக்னீசியமும் குறையலாம். வயோதிகர்களின் எலும்பு முறிவுக்கும் இம்மாத்திரைக்கும் சம்பந்தம் இருப்பதாக ஆராய்ச்சிகளில் தென்பட்டிருக்கிறது, முடிவாக நிரூபணமாகவில்லை. கேழ்வரகுக் களி தின்று வளர்ந்த தர்மபுரியின் எலும்புகளுக்குப் புளோரைடு ஒன்றே போதாதா? ஹிருதய நோய்க்குக் குளோபிடோக்ரெல் உண்கிறவர்கள் ஓமெப்ரசோலையும் எஸோமெப்ரசோலையும் தவிர்க்கவேண்டும். அந்த மருந்தின் வலுவை அவை குறைத்துவிடும். தைராய்டு மாத்திரை உண்பவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்லவேண்டும்.

பழைய அட்டைகளில் ரானிடிடின் மிச்சம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்தவேண்டியதில்லை. வெப்பத்திலும் நாட்பட வைப்பதாலும் அதில் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய ஓர் அசுத்தம் பெருகுவது தெரிந்து, 2020-ல் அமெரிக்கா அதைக் கடைகளிலிருந்து அகற்றச் சொல்லியது. 2022-ல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது நீங்கியது.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் வேறு. மார்பில் பாரம் வைத்ததுபோல் அழுத்தி, வியர்த்து, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை 'வாயு' என்று தீர்மானித்து, மாத்திரையும் சோடாவும் கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அது மாரடைப்பாக இருக்கலாம். 108-க்கு டெலிபோன் செய்துவிட்டுப் பிறகு வாயுவைப் பற்றி வாதாடலாம். மலம் தார்போல் கறுத்தாலும், ரத்த வாந்தி கண்டாலும், விழுங்கும்போது தடைபட்டாலும், காரணமின்றி உடம்பு இளைத்தாலும் மாத்திரையால் மூடிவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

மாத்திரையை நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிட அதிகமாகிறதே என்பார்கள். அது மெய்தான். 2009-ல் டென்மார்க்கில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வயிற்று நோயே இல்லாதவர்களுக்கு எட்டு வாரம் இம்மருந்தைக் கொடுத்து நிறுத்தியபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எரிச்சல் வந்தது. அடங்கியிருந்த பம்புகள் சில வாரம் ஆர்ப்பாட்டம் செய்கின்றன. நோய் திரும்பிவிட்டது என்பதற்கு அதுவே அத்தாட்சியாகாது. டாக்டர் அளவைப் பாதியாக்கி, பின் ஒன்றுவிட்டு ஒருநாளாக்கி நிறுத்தச் சொல்லுவார். இடைக்காலத்தில் வெள்ளைத் திரவம் உதவும். இராச் சாப்பாட்டை உறங்கப் போவதற்கு மூன்று மணி முன்னதாக முடித்து, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் ஒவ்வொரு கனத்த செங்கல் வைத்தால் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் சமாதானமாகும்.

நெஞ்செரிச்சலுக்கும் சாதாரணப் புண்ணுக்கும் நான்கு முதல் எட்டு வாரம்வரை மருந்து உண்பது வழக்கமான கெடு. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது இந்த மாத்திரை எந்த நோய்க்கு, எந்தத் தேதி வரையில் என்று கேட்டு, அந்தத் தேதியையும் சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். கையோடு வீட்டில் இருக்கும் வலி மாத்திரை அட்டைகளையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். தர்மபுரிப் பக்கத்தவராயின் கிணற்று நீரின் பரிசோதனைக் காகிதத்தையும் சேர்த்து.