எந்த மேலே?

காரை நாமே ரிப்பேர் பண்ணிவிடலாம் என்ற விபரீத எண்ணம் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில்தான் வருகிறது. எனக்கு 1994-ல் ஒரு சனிக்கிழமை வந்தது.

எங்கள் அம்பாஸிடர் 78-ம் வருஷ மாடல். பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான அப்பா, பி.எஃப். பணத்தில் செகண்ட்ஹாண்டாக வாங்கியது. எஞ்சின் முன்பக்கத்தில் யாரோ சில்லறை டப்பாவைக் குலுக்குகிற மாதிரி சத்தம். டைமிங் செயின் தொளதொளத்துவிட்டது. மெக்கானிக், "புதன்கிழமை பார்க்கலாம் சார்" என்றார். திங்கட்கிழமை காலை அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். எதிரில் நிற்பது நானா, வாசல் தூணா என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஏற்கெனவே இரண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டவர், மூன்றாவது சாக்குக்குக் காத்திருந்தார்.

"டாக்ஸியிலயா? சொந்தக் கார் வாசல்ல நிக்கும்போதா? அப்ப ஆபரேஷனே வேணாம்."

ஆகவே ஸ்பானரை எடுத்தேன்.

விஷயம் இதுதான். கீழே கிராங்க் ஷாஃப்ட். அதோடு சேர்ந்து பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. பக்கத்தில் கேம் ஷாஃப்ட்; வால்வுகளைத் திறப்பதும் மூட விடுவதும் அதன் பொறுப்பு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் கேம் சக்கரத்துக்குப் பல் இரண்டு மடங்கு. இரண்டையும் கட்டி வைத்திருப்பது இந்தச் செயின். ஒவ்வொரு சக்கரத்திலும் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருப்பார்கள். இரண்டு புள்ளிகளும் மணவறையில் மாப்பிள்ளை, பெண் மாதிரி நேருக்கு நேர் பார்க்க வேண்டும். கிராங்க் சக்கரத்துக்கு 20 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பல் தள்ளி மாட்டினாலும் 18 டிகிரி போச்சு. வண்டி ஓடினாலும் மலைக்கோட்டைப் படியேறுகிற கிழவர் மாதிரி மூச்சு வாங்கும்.

இதையெல்லாம் நான் சரியாகவே செய்தேன். ரேடியேட்டரைக் கழற்றி, புல்லியை இழுத்து, கவரைத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் செயினோடு சேர்த்து வெளியே எடுத்துப் புதுச் செயினைப் போட்டேன். இரண்டு மையத்துக்கும் குறுக்கே பையனின் ஸ்கேலைப் பிடித்துப் பார்த்தேன். புள்ளிகள் கச்சிதம்!

நன்றாகப் போகிற வேலையில் உபரியாக ஒன்று செய்வது என் வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடி அழுக்காக இருந்தது. நாலு பிளக் ஒயரையும் பிடுங்கித் துடைத்தேன். எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளவில்லை. அதனாலென்ன? தீப்பொறி போகும் வரிசை 1-3-4-2 என்று தெரியும். ஹேண்டிலைச் சுற்றிப் புல்லிக் குறியைச் சேர்த்தேன். பிளக் துவாரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுப் பார்த்தேன். முதல் பிஸ்டன் உச்சியில் இருந்தது. ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கே முதல் ஒயர். மற்றவை வரிசைப்படி.

ஞாயிறு சாயங்காலம் ஸ்டார்ட் செய்தேன்.

டொப்!

ஏர் ஃபில்டரை இன்னும் மாட்டாத கார்பரேட்டரிலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் தீ. என் மனைவி ஈரச் சாக்கை வீசினாள், பாதி எஞ்சின் மேல், பாதி என் மேல். "என்னங்க, அந்த டாக்ஸிக்காரர் நம்பர் எங்க வெச்சீங்க?"

திண்ணையிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "என்னடா வெடிக்குது?"

"டைமிங் தப்பிடுச்சு போலப்பா. மறுபடி எல்லாத்தையும் பிரிக்கணும்."

"புள்ளி சேர்ந்துதா?"

"சேர்ந்துது."

"ஒயரை எதை வெச்சு மாட்டினே?"

"முதல் பிஸ்டன் மேலே வந்ததும்..."

"எந்த மேலே?"

எனக்கு உடனே புரியவில்லை. பிஸ்டன் இரண்டு தடவை மேலே வருகிறது. ஒரு தடவை பெட்ரோல் கலந்த காற்றை நெருக்க. இன்னொரு தடவை புகையை வெளியே தள்ள. புல்லிக் குறி இரண்டு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். ஸ்க்ரூடிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. கேமுக்குத்தான் தெரியும், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை சுற்றுகிறவன் அவன்தானே! நெருக்குகிற உச்சியில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். புகை தள்ளுகிற உச்சியில் காற்று வரும் கதவு திறக்க ஆரம்பித்திருக்கும். அப்போது தீப்பொறி விழுந்தால், தீ அந்தக் கதவு வழியாகக் கார்பரேட்டருக்கு வந்து விசாரிக்கும்.

"ஸ்டீம் எஞ்சின்ல பிஸ்டன் போனாலும் அடி, வந்தாலும் அடி. இந்தச் சள்ளையே கிடையாது" என்றபடி கையை நீட்டினார். "கூட்டிட்டுப் போ."

சாவியை எடுத்துவிட்டு நாலு பிளக்கையும் கழற்றினேன். அவர் கட்டை விரலைப் பிடித்து முதல் துவாரத்தில் வைத்தேன். ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினேன்.

"இல்ல... இல்ல... சுத்து..."

ஒரு உச்சி சும்மா போயிற்று. அடுத்த சுற்றில் 'புஸ்' என்று காற்று அவர் விரலைத் தள்ளியது.

"இதான்! குறி வர்ற வரைக்கும் கொண்டா. நிறுத்து."

ரோட்டர் நாலாவது ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றினேன். அஞ்சு நிமிஷ வேலை. வண்டி கிளம்பிவிட்டது. சில்லறைச் சத்தமும் இல்லை.

(அம்பாஸிடர் தயாரிப்பே 2014-ல் நின்றுபோனது. அதைப் பார்த்துவிட்டுப் புது வண்டியில் கை வைக்காதீர்கள். பல எஞ்சின்களில் கேம் டைமிங் பிசகினால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். பில் தனி.)

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், கருகருவென்றிருந்த அப்பாவின் கட்டை விரலை நர்ஸ் பார்த்தார். எவ்வளவு தேய்த்தும் கிரீஸ் போயிருக்கவில்லை. பாரத்தை என்னிடம் நீட்டி, "பெரியவருக்குக் கைநாட்டுத்தானா? மை நான் கொடுப்பேனே, அதுக்குள்ள ஏன் சார் அவசரம்?" என்றார்.

அப்பா பேனாவை வாங்கினார். பாதி பாரத்திலும் பாதி மேஜையிலுமாக, இனிஷியலை விரித்து, முழுப் பெயரையும் இங்கிலீஷில் எழுதினார்.