மறதியுற்ற முதியோரும் இயந்திரத் தோழனும்

தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்தே அமைந்த புன்னக்காயலைச் சரித்திரம் கற்போர் அறிவர். போர்த்துக்கல் தேயத்து அண்டிரிக் அடிகள் 16ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் ஓர் மருத்துவசாலையை நிறுவினார். கரையோரப் பரதவரின் பொருளுதவி அதனைத் தாங்கிற்று. அங்கே நோயாளியின் பக்கத்திலிருந்து பணி புரிந்தவர் மனிதரே. அவ்வாறு பக்கத்திலிருக்கும் தொழிலையும் யந்திரத்தினிடம் ஒப்புவிக்கலாமோ என்னும் வினா இக்காலத்து எழுந்துள்ளது. பிள்ளைகள் கப்பலுக்கும் அயல்நாட்டுக்கும் செல்ல, முதியோர் வீட்டிற் தனித்திருத்தல் நம் கரையிலும் உண்டாகையால், இதனை அந்நியர் விவகாரமென்று நாம் தள்ளிவிடுதல் இயலாது. நம் நாட்டில் 60 வயது கடந்தோருள் ஏறத்தாழ 88 லட்சம் பேர் முதுமை மறதிநோயுற்றவரென 2023இல் வெளிவந்த கணிப்பொன்று கூறுகிறது.

யந்திரத் தோழருள் பெயர்பெற்றது ஜப்பானியராகிய தகானோரி ஷிபாத்தா என்பார் அமைத்த 'பாரோ'. வெண்மயிர் போர்த்த கடல்நாய்க் குட்டியின் வடிவினது. தடவினால் கண்ணிமைக்கும், அழைத்தால் தலை திருப்பும், குரலெழுப்பும். நாயும் பூனையும் யாவரும் பழகியவை; அவற்றின் போலியை மெய்ப்பிராணியோடு ஒப்பிட்டுக் குறை காண்பர் என்றே பழகாத பிராணியை அவர் தெரிந்தெடுத்தனராம். புன்னக்காயலில் கடலிலேயே மூத்த பாட்டனார் ஒருவர் மடியில் அதனை வைத்தால், எந்த வலையில் அகப்பட்டது என்றே முதலில் வினவுவார் போலும்!

இதனை நோயுற்றோர் எங்ஙனம் உணர்கின்றனர்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 காப்பகங்களில் 415 முதியோரைக் கொண்டு நிகழ்ந்த ஆராய்ச்சி 2017இல் வெளியாயிற்று. சிலருக்கு இயங்கும் பாரோவும், சிலருக்கு இயக்கம் நிறுத்தப்பட்ட அதே பொம்மையும் அளிக்கப்பட்டன. ஏனையோர் வழக்கமான பராமரிப்பே பெற்றனர். பாரோ பெற்றோர், வழக்கமான பராமரிப்புப் பெற்றோரினும் மிக்க களிப்புற்றனர். ஆயினும் இயங்காப் பொம்மையினும் அது மேம்பட்டது, அதனை நோக்குதலிலும் அதனொடு பேசுதலிலும் மாத்திரமே. ஏறத்தாழ 6,000 டாலர் விலையுள்ள யந்திரத்தின் நன்மையிற் பெரும்பகுதி, மடியில் அணைத்துக்கொள்ள மெத்தென்ற ஒரு பொருள் உளதாயதனால் விளைந்தது என்பதே எம் கருத்து. வறிய குடும்பத்தார் இதனை அறிதல் நலம்.

ஒரு பொம்மையால் கிழவரை ஏமாற்றலாமோ என்பார் உளர். எப்படியும் மறந்துவிடுவார், யாதாயினும் என் என்பாரும் உளர். பின்னவரே பெரிதும் பிழைபட்டவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயினர்க்குத் துயரக் காட்சிகளும் களிப்புக் காட்சிகளும் திரையிற் காட்டினர்; கண்டது இன்னதென மறந்த பின்னரும் அக்காட்சிகள் எழுப்பிய உணர்ச்சி அவரிடம் நீடித்ததென 2014இல் வெளியிட்டனர். ஆகவே குழந்தையைப் போல் தம்மை நடத்தினர் என்று ஒரு மூதாட்டி காலையில் மனம் புண்பட்டால், புண்படுத்திய செயல் மறந்தும் புண் மாறாதிருக்கக் கூடும். அங்ஙனமே, அணைத்து மகிழ்ந்த மகிழ்ச்சியும் பொய்யன்று. மெய்யோ போலியோ என்று வாசலில் நின்று நாம் வழக்காடுதல் வீண். கொள்ளுதலும் தள்ளுதலும் அவர் உரிமையன்றோ?

பேசும் யந்திரங்களின் வழி வேறு. நோய் முதிருங்கால் பின்னாளிற் கற்ற பாஷை நழுவித் தாய்மொழியே எஞ்சுதல் பலரிடம் காணப்படுகிறது. கரையோர வழக்கிலே பேசும் பாட்டியாருக்குப் புத்தகத் தமிழ் ஒப்பிக்கும் பெட்டி என்ன தோழமை தரும்?

நாம் அஞ்சுவது வேறொன்று. முதியோர்க்கென வாங்கிய பொம்மை, மக்களும் மருகரும் அவரிடம் வாராதிருத்தற்குச் சாக்காகிவிடலாகாது. குயின்ஸ்லாந்திலும் முதியோரிடம் பாரோ விடப்பட்டது ஒரு தடவைக்கு 15 நிமிஷமே, வாரத்துக்கு மும்முறையே. நாள் முழுதும் அன்று. நம்மூரில் எவரேனும் அத்தகைய தோழனைக் கொணர்வராயின், அதனை முதியவர் கையெட்டும் தூரத்தில் வைத்து, தாமும் அருகே அமர்ந்து பார்க்கட்டும். கை நீளுமாயின் கொடுக்கட்டும். முகம் திரும்புமாயின், எத்துணை விலை கொடுத்து வாங்கியதாயினும், அப்பொழுதே அப்புறப்படுத்தட்டும்.