செஞ்சிக் கதைகளும் வெள்ளித்திரையும்

நுழையும்முன்

புதினங்களும் கதைப்பாடல்களும் திரைப்படங்களாக உருமாறும் காலம் இது. எத்தகைய கதை திரைக்கு வரத் தகுதியுடையது? அதனைத் திரைக்குக் கொண்டுவருவோர் எவற்றைக் காக்க வேண்டும்? செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்து வாழும் இரு கதைகளைச் சான்றாகக் கொண்டு இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்கிறது இக்கட்டுரை.

கோட்டையும் இளைஞனும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை நோக்கிச் செல்வோர், செஞ்சியை நெருங்கும்போது பெரும்பாறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகளைக் காண்பர். இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் நீண்ட மதில்கள் இணைக்கின்றன. அவற்றுள் உயர்ந்ததாகிய இராசகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரமுடையது. அதன் உச்சிக் கோட்டையை அடைய, ஆழமான பாறைப்பிளவு ஒன்றைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும்.

நாயக்கர், பீசப்பூர் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலரிடம் இக்கோட்டை கைமாறியது. 1677இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். பின்னர் முகலாயப் படை இதனைக் கைக்கொள்ள 1690 முதல் 1698 வரை போராடியது. எனினும், இத்தனை ஆட்சியாளர்களுள் மக்கள் நெஞ்சில் நிலைத்த இடத்தைப் பெற்றவன், ஓராண்டுகூட முழுமையாக ஆளாத ஓர் இளைஞனே.

வரலாற்று ஆவணங்கள் தேஜ்சிங் என்று குறிப்பிடும் அவனைத் தமிழ்மக்கள் தேசிங்குராசன் என்று அழைத்தனர். அவன் புந்தேலா இராசபுத்திர மரபினன். செஞ்சிக் கோட்டையின் பொறுப்பில் இருந்த தந்தை சொரூப்சிங் 1714இல் மறைந்தபின், மகன் அப்பொறுப்பை ஏற்றான். கப்பம் தொடர்பாக ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் பகை மூண்டது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், நவாபின் பெரும்படையைச் சிறுபடையுடன் எதிர்த்துப் போரிட்டு அவன் வீழ்ந்தான். அப்போது அவனுடைய வயது ஏறத்தாழ 22 என்பர்.

பாட்டில் வாழும் கதை

ஒரு பத்தியில் அடங்கும் இந்நிகழ்வு, கதைப்பாடலாக விரிந்தபோது வியப்புகள் பலவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. தில்லி பாதுசாவின் கொட்டடியில் எவராலும் அடக்க இயலாத பாராசாரி என்னும் குதிரை நிற்கிறது. அதனை அடக்க முயன்று தோற்ற தந்தை சிறைப்படுகிறார். சிறுவனாகிய தேசிங்கு தில்லிக்குச் சென்று, அக்குதிரையின்மீது ஏறி அதனைத் தன்வயப்படுத்துகிறான், தந்தையை மீட்கிறான், மணமகளையும் பெறுகிறான்.

கதையின் பிற்பகுதியில் அவனுடைய உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் வருகிறான். வரலாற்று நூல்கள் மகபத்கான் என்று சுட்டும் இசுலாமிய வீரன் அவன். திருமணக்கோலத்தில் இருக்கும்போது, போருக்கு வருமாறு நண்பனிடமிருந்து ஓலை வருகிறது. மாலை சூட வேண்டிய நாளில் நீலவேணி என்னும் தன் குதிரையில் ஏறிப் போர்க்களம் செல்கிறான். இருவரும் அக்களத்திலேயே மடிகின்றனர். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்பதும், அவள் நினைவாகவே இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் அமைந்தது என்பதும் மக்கள் வழக்கு.

ஓர் அதிபுனைவுப் புதினத்தில் வாசகர் எதிர்பார்ப்பவை அனைத்தும் இக்கதைப்பாடலில் உள்ளன. அடங்காத குதிரை, ஆற்றல்மிக்க சிறுவன், மலைக்கோட்டை, நெடும்பயணம், பெரும்போர் ஆகியவை திரைக்கென்றே அமைந்தவை போலத் தோன்றும். ஆயினும், இக்கதையைத் திரைக்குத் தகுதியுடையதாக்குவது குதிரை மட்டும்தானா என்பதே ஆராயத்தக்க வினா.

தகுதியின் அளவுகோல்

கணினி வரைகலை வளர்ந்துள்ள இந்நாளில், திரையில் காட்ட இயலாத வியப்பு என்று எதுவும் இல்லை. குதிரையைப் பறக்கச் செய்யலாம். ஆயிரம் வீரரை இலட்சம் வீரராகப் பெருக்கலாம். ஆகவே, வியப்பின் அளவைக் கொண்டு ஒரு கதையின் தகுதியை அளப்பது பொருளற்றதாகிவிட்டது. அந்த வியப்பு எத்தகைய மனிதச் சிக்கலைத் தாங்கி நிற்கிறது என்பதே உரிய அளவுகோல்.

இதனை உலக அனுபவமும் உறுதிப்படுத்துகிறது. ஆங்கில எழுத்தாளர் டோல்கியன் எழுதிய ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் அதிபுனைவுப் புதினம் 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பீட்டர் ஜாக்சன் இயக்கத்தில் 2001 முதல் 2003 வரை அது மூன்று திரைப்படங்களாயிற்று. மாய மோதிரம் அக்கதையின் வியப்பு. கையில் கிடைத்த பேராற்றலை அழித்துவிடும் மனத்திண்மை ஒருவனுக்கு உண்டா என்பதே அக்கதையின் சிக்கல். நியூசிலாந்து நாட்டின் மலைகளும் சமவெளிகளும் அதற்குக் களமாயின. சிக்கலும் நிலமும் பொருந்தி வந்ததால், மொழி அறியாதோரும் அக்கதையில் ஒன்றினர்.

தமிழில் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. அதனைப் படமாக்கும் முயற்சியில் எம்.ஜி.ஆர். 1950களின் பிற்பகுதியிலேயே ஈடுபட்டார். ஆனால், மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில்தான் அது இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. அது வரலாற்றுப் புதினம், அதிபுனைவு அன்று. எனினும், நீண்ட கதையொன்று பல்லாண்டுகள் காத்திருந்தும் தன் ஈர்ப்பை இழக்காது என்பதற்கு அது சான்றாகிறது.

முழுமையான கற்பனை நகர் ஒன்றைப் படைத்துக்காட்டும் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’, கடல்கொண்ட நகரைக் களமாகக் கொள்ளும் புதுமைப்பித்தனின் ‘கபாடபுரம்’ போன்ற எழுத்துகளும் திரைக்கலைஞர்களை ஈர்க்கத்தக்கவை. முன்னது விரிவான தத்துவ உரையாடல்களைக் கொண்ட நெடும்புதினம். அதற்கு மூன்று மணிநேரத் திரைப்படத்தைக் காட்டிலும் தொடர்வடிவமே ஏற்றது. பின்னது சிறுகதை, அதற்குக் குறும்படம் போதும். கதையின் இயல்புக்கேற்ற வடிவத்தைத் தேர்வதும் திரையாக்கத்தின் முதற்கடமைகளுள் ஒன்று.

தேசிங்குராசன் கதை தாங்கி நிற்கும் சிக்கல் யாது? வெல்ல இயலாது என்று அறிந்த பின்னும் போரிடுவது வீரமா, இளமையின் பிடிவாதமா? நண்பனின் அழைப்புக்கும் மணமகளுக்குக் கொடுத்த வாக்குக்கும் இடையே எதனைத் தேர்வது? இவ்வினாக்களுக்கு எளிய விடை இல்லை. பாடலைக் கேட்டவர் தேசிங்கைப் போற்றினர். அவனுக்காக அழவும் செய்தனர். இவ்விரண்டையும் ஒருங்கே நிகழ்த்தும் கதை, திரைக்கு வரத் தகுதியுடையது என்பதில் ஐயமில்லை.

தெரிந்து தெளிவோம்

‘இந்தியாவின் மராத்திய இராணுவ நிலப்பரப்புகள்’ என்னும் பெயரில் 12 கோட்டைகளை யுனெசுகோ நிறுவனம் 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராட்டிரத்தில் உள்ளன. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிக் கோட்டை.

முன்பே படமாகவில்லையா?

இக்கதை ஏற்கெனவே படமாகிவிட்டதே என்று சிலர் கேட்கலாம். டி. ஆர். இரகுநாத் இயக்கத்தில், எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த ‘ராஜா தேசிங்கு’ 1960இல் வெளிவந்தது உண்மையே. கதைப்பாடலில் இல்லாத கிளைக்கதைகளையும் சேர்த்து, அக்காலத் திரையின் வழக்கத்திற்கேற்ப அது அமைந்தது. ஒரு திரைப்படம் என்பது ஒரு கதையை ஒரு காலத்தவர் படித்த முறையே ஆகும். அதுவே முடிவான வாசிப்பு ஆகாது. இராமகாதையை ஒருவர் பாடிவிட்டார் என்பதற்காக மற்றவர் பாடாமல் இருந்ததில்லை.

மேலும், இன்று இக்கதையைப் படமாக்குவோர்க்கு முன்னில்லாத ஒரு பொறுப்பும் உண்டு. இராசபுத்திர இளைஞன் ஒருபுறம், ஆர்க்காட்டு நவாப் மறுபுறம் என்பதனால், இப்போரை இரு சமயங்களின் மோதலாகக் காட்டுவது மிக எளிது. அவ்வாறு காட்டினால் விறுவிறுப்பும் கூடலாம். ஆனால், கதைப்பாடல் அதற்கு இடம் தரவில்லை. தேசிங்குக்காகத் தன் திருமணத்தைத் துறந்து, நவாபின் படையை எதிர்த்து உயிர்நீத்தவன் ஓர் இசுலாமியன். அந்தத் தோழனைச் சிறிய துணைப்பாத்திரமாகச் சுருக்கும் திரைக்கதை, கதையின் உயிரையே நீக்கிவிடும். கோட்டையின் உள்ளே வேங்கடரமணர் கோவிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இன்றும் நிற்கின்றன. ஒளிப்பதிவுக் கருவி இவ்விரண்டையும் காண மறுக்கலாகாது.

அவ்வாறே, கதையை வரலாறு என்று கூறி ஏமாற்றுவதும் தவறு. பாராசாரி பாட்டில் வாழும் குதிரை. 1714ஆம் ஆண்டுப் போர் ஆவணத்தில் உள்ள நிகழ்வு. இரண்டையும் ஒரே படத்தில் காட்டலாம். ஆயினும், இது மக்கள் பாடிய கதை என்பதைப் பார்வையாளர் உணரும்வண்ணம் காட்டுவதே நேர்மை. கதையைப் பாடும் கலைஞரையே கதைசொல்லியாக அமைப்பது அதற்கு ஒரு வழி.

மேலச்சேரியின் நூறு தலைகள்

செஞ்சிக்கு அருகிலுள்ள மேலச்சேரி, திரௌபதி அம்மன் வழிபாட்டின் முதன்மைக் களமாகப் போற்றப்படும் ஊர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்து, 1988இல் வெளியிட்ட தம் நூலின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருச்சேத்திரம் வரை என்று பொருள்படும் துணைத்தலைப்பு அளித்தார். பாரதப்போர் முடிந்து நெடுங்காலத்திற்குப் பின், பாண்டவர் வழிவந்த அரசன் ஒருவன் செஞ்சியை ஆள்கிறான். நூறு தலைகளுடைய அரக்கன் அந்நாட்டை வருத்துகிறான். அரசனைக் காக்கத் திரௌபதி மீண்டும் தோன்றி அரக்கனை எதிர்க்கிறாள் என்பது இவ்வட்டாரத்தின் தொன்மக்கதை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அரக்கனுடைய இறுதித் தலை நிலத்தில் விழலாகாது. விழுந்தால் வென்றவர்க்கே கேடு. எனவே, போத்துராசா என்னும் காவல்வீரன் அத்தலையைக் கையில் ஏந்திக்கொள்கிறான். திரௌபதி அம்மன் கோவில்களில் கையில் தலையுடன் அவன் உருவம் நிற்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. நூறு தலைகளை அறுக்கும் காட்சியை எந்தத் திரைக்கூடமும் உருவாக்கிவிடும். வெற்றி கிடைத்த பின்னும் அதன் விளைவை ஒருவர் கீழே வைக்க இயலாமல் ஏந்தி நிற்க வேண்டும் என்னும் எண்ணம் இக்கதைக்கே உரியது. போரைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி அது.

ஆனால், இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இது வழிபடும் மக்களின் நம்பிக்கை சார்ந்த கதை. இதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தெருக்கூத்துக் கலைஞர்களும் பாரதக்கதை சொல்வோரும் ஆவர். அவர்களிடம் கேட்டறியாமலும், அவர்களுக்கு உரிய ஊதியமும் பெயரும் வழங்காமலும் இக்கதையைத் திரைக்கு எடுத்துச் செல்வது முறையன்று. ஒரு புதினத்தைப் படமாக்க அதன் ஆசிரியரிடம் உரிமை பெறுகின்றனர். ஊரே ஆசிரியராக விளங்கும் கதைக்கு அத்தகைய ஒப்பந்தம் இல்லை என்பதனால், கடமையும் இல்லை என்று ஆகிவிடாது.

திரைக்குப் பின்னும் கதை

ஒரு கதை திரைக்கு வந்தபின், பலருடைய மனத்தில் பதிந்திருந்த பல தேசிங்குகள் மறைந்து, நடிகர் ஒருவரின் முகமே நிலைத்துவிடும் என்னும் கவலையும் உண்டு. அக்கவலை முற்றிலும் தவறானதன்று. எனினும், கேட்போர் குறைந்துவரும் கதைப்பாடல் எவர் மனத்திலும் எந்த முகத்தையும் தோற்றுவிக்க இயலாது. நல்ல திரைப்படம் ஒன்று, பார்த்தவரை மீண்டும் மூலத்தை நோக்கி அழைத்து வரும். பொன்னியின் செல்வன் வெளிவந்தபோது இளைஞர் பலர் அப்புதினத்தைத் தேடிப் படித்ததை நூலகங்களும் புத்தகக் கடைகளும் கண்டன.

தெருக்கூத்தைக் காண அமர்வோர், கதையின் முடிவை அறிந்தவர்களே. அடுத்து என்ன நிகழும் என்பதற்காக அவர்கள் விடியும்வரை அமர்ந்திருப்பதில்லை. அறிந்த கதையை இன்றைய கலைஞர் எவ்வாறு உணர்த்துகிறார் என்பதைக் காணவே அமர்கின்றனர். செஞ்சிக் கதைகளைத் திரைக்குக் கொண்டுவரும் இயக்குநருக்கும் அத்தகைய பார்வையாளரே காத்திருக்கின்றனர். மோவுத்துக்காரன் மணப்பந்தலை விட்டு எழும் அந்த ஒரு கணத்தைப் பொய்யின்றிக் காட்டிவிட்டால், பாராசாரி பறந்தாலும் பறக்காவிட்டாலும் அவர்கள் படத்தை ஏற்றுக்கொள்வர்.