மலைக்காற்றும் மோட்டார் சைக்கிளும்

மலைநாட்டுத் தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் இன்று ஆடம்பரப் பொருளன்று. லயத்திலிருந்து கடைத்தெருவுக்கும் பாடசாலைக்கும், அவசர வேளையில் வைத்தியசாலைக்கும் செல்லப் பல குடும்பங்களுக்கு அதுவே துணை. பல மாதச் சேமிப்பிலோ தவணைக் கடனிலோ வாங்கிய அவ்வண்டியின் வேகத்தைக் கூட்ட இளைஞர்கள் விரும்புவதும் இயல்பே. பழைய எயார் பில்டரைக் கழற்றிவிட்டு, காற்றைத் தாராளமாக உள்ளே விடும் புதியதொன்றைப் பொருத்துகின்றனர், சைலன்சரையும் மாற்றுகின்றனர். ஆனால், இவ்விரண்டுக்கும் இடையே இருக்கும் காபரேற்றரைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதனால் விளையும் கேடு யாதென்பதை இவ்வாரம் ஆராய்வோம்.

குறுகிய வழியில் பாயும் திரவத்தின் வேகம் மிகுந்து அழுத்தம் குறையும் என்பதை இத்தாலிய விஞ்ஞானி வெஞ்சூரி 1797ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். காற்றுக்கும் இது பொருந்தும். காபரேற்றரின் கழுத்தில் அழுத்தம் குறையும்போது, ஜெற் எனப்படும் நுண்துளை வழியே பெற்றோல் மேலே உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. ஒரு கிராம் பெற்றோல் சரிவர எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை.

பில்டரையும் சைலன்சரையும் மாற்றினால் காற்று தடையின்றிப் பாய்கிறது. ஜெற்றின் துளையோ பழைய அளவிலேயே இருக்கிறது. ஆகவே காற்று மிகுந்து பெற்றோல் குறைகிறது. இதனை மெலிந்த கலவை என்பர். இதனால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். வேகத்தைக் கூட்டும்போது தயங்கும். குறைக்கும்போது சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும்.

இனி, மலையின் விந்தையைக் கவனியுங்கள். கடல்மட்டத்தைவிட 1,500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது இன்னும் குறைவு. காற்று அடர்த்தி குறையும் அளவுக்குப் பெற்றோல் குறைவதில்லை. ஆகவே, சமவெளிக்கென அமைத்த காபரேற்றர் 1,500 மீற்றர் உயரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் செறிந்த கலவையைத் தரும். புதிய பில்டர் கலவையை மெலிவிக்கிறது, மலையோ செறிவாக்குகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு மறைத்துவிடுகிறது!

அக்கரப்பத்தனையில் பில்டரும் சைலன்சரும் மாற்றிய ஒரு வண்டி நன்றாகவே ஓடுகிறதென வைத்துக்கொள்வோம். பண்டிகைக்கு உறவினரைக் காண அதன் உரிமையாளர் தலவாக்கலை, அட்டன், கினிகத்தேனை வழியாக அவிசாவளைக்கு இறங்குகிறார். கீழே காற்று அடர்ந்திருக்கிறது; மலையில் மறைந்திருந்த மெலிவு வெளிப்படுகிறது. அங்கிருந்து கொழும்புவரை வெயிலில் முழு வேகத்தில் ஓட்டினால் வெப்பம் மிகுந்து வால்வு கருகலாம்; பிஸ்டன் உருகலாம்; ஓடும் எஞ்சின் திடீரென இறுகினால் ஓட்டுபவரின் உயிருக்கே ஆபத்து.

இதற்குப் பரிகாரம் என்ன? பில்டரை மாற்றும் அன்றே காபரேற்றரையும் சீர்செய்ய வேண்டும். மெயின் ஜெற்றை ஓரிரு படி பெரிதாக்குவது முதல் வேலை. முழு வேகத்தை ஆள்வது அதுவே. நடுவேகத்தை ஆள்வது நீடில். அதன் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து கலவை செறியும். நின்றோடும் நிலைக்கு உரியவை பைலட் ஜெற்றும் திருகாணியும். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே திருகாணியைத் தொட வேண்டும். அது பில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருக, கலவை செறியும்; எஞ்சின் பக்கம் இருந்தால் வெளியே திருகச் செறியும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்குப் பிளக்கே சாட்சி. சற்றுத் தூரம் ஓட்டி, எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறியபின் கழற்றிப் பாருங்கள். அதன் முனை இளம் பழுப்பாயின் நன்று, வெளுத்திருந்தால் மெலிவு, கரி படிந்திருந்தால் செறிவு. இச்சோதனையை மலையில் மட்டுமன்றி அடிவாரத்திலும் செய்தல் வேண்டும். இரண்டிடமும் செல்லும் வண்டிக்குச் சமவெளியின் அளவே பாதுகாப்பானது. மலையில் சிறிது பெற்றோல் கூடுதலாகச் செலவாகும், எஞ்சினோ பிழைக்கும். மலையைவிட்டு இறங்காத வண்டிக்கு மலையின் அளவே போதும். பெற்றோலை ஊசிமுறையில் செலுத்தும் புதிய வண்டிகளுக்குக் காபரேற்றர் இல்லை. அவற்றின் உணர்கருவிகள் உயரத்துக்கேற்பக் கலவையைப் பெரும்பாலும் தாமே திருத்திக்கொள்ளும்.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீடு வந்ததை நம் குடும்பங்கள் மறந்திரா. கலவையின் அருமையை அந்நாட்கள் உணர்த்தின. ஆதலால், தம்பிமார் பில்டரும் சைலன்சரும் வாங்கப் பணம் ஒதுக்கும்போது, ஜெற்றுக்கும் நல்லதொரு மெக்கானிக்கின் கூலிக்கும் சேர்த்தே ஒதுக்குக. அதற்குப் பணம் போதாதெனில், பழைய பில்டரைச் சுத்தம்செய்து பொருத்தி ஓட்டுவதே மேல். பேரோசை எழுப்பும் சைலன்சர் வேண்டவே வேண்டாம். லயத்தில் அடுத்த காம்பிராவில் கைக்குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். விடியுமுன் எழுந்து மலைக்குச் செல்ல வேண்டிய தாயும் உறங்கிக்கொண்டிருப்பாள்.