ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு போன்!

லண்டன் ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவாதத்தால் நடக்கவே சிரமம். பிரிட்டன் அரசின் இரண்டு உதவித்தொகைகளில்தான் குடும்பம் ஓடுகிறது. ஒன்று, அன்றாட வேலைகளுக்கும் நடமாட்டத்துக்கும் தரப்படும் 'பெர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட்'. அங்குள்ளவர்கள் சுருக்கமாக 'பிப்' என்பார்கள். மற்றொன்று, வருமானம் குறைந்தவர்களுக்கான 'யுனிவர்சல் கிரெடிட்'.

நள்ளிரவில் யாழ்ப்பாணத்திலிருந்து போன். ''அம்மாவுக்குக் கடுமையா இருக்கு, உடன வெளிக்கிடு'' என்கிறார் அண்ணன். டிக்கெட், பாஸ்போர்ட், மாத்திரை டப்பா எல்லாம் நினைவுக்கு வரும். உதவித்தொகை ஆபீஸுக்குத் தகவல் சொல்வது மட்டும் மறந்துபோகும். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

வெளிநாட்டில் இருக்கும்போதும் பிப் 13 வாரங்கள் வரை கிடைக்கும். ஆனால், 4 வாரங்களைத் தாண்டும் பயணம் என்றால் முன்கூட்டியே போன் செய்து சொல்ல வேண்டும். என்றைக்குக் கிளம்புகிறீர்கள், எந்த நாடு, எத்தனை நாள், என்ன காரணம்... கேட்பது இவ்வளவுதான்.

யுனிவர்சல் கிரெடிட் இவ்வளவு தாராளம் இல்லை. பொதுவாக ஒரு மாதம்தான். அதிலும் ஒரு முடிச்சு உண்டு. கிளம்பும்போதே ஆறு வாரத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருந்தால், 'முதல் ஒரு மாதத்துக்காவது தருவார்கள்' என்று நம்பிவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் திரும்பும் எண்ணத்தோடு போனால்தான் அந்தச் சலுகையே.

சரி, அந்தப் பெண் மூன்று வாரத்தில் திரும்பும் திட்டத்தோடுதான் போனார். பத்தாவது நாள் அம்மா இறந்துவிடுகிறார். 31-ம் நாள் அந்தியேட்டி முடியாமல் எந்த மகள் விமானம் ஏறுவாள்? கணக்குப் போட்டால் நாற்பது நாளைத் தாண்டுகிறது. நெருங்கிய உறவினரின் இறப்பு என்றால், ஒரு மாதத்துக்குள் திரும்புவது நியாயமாகச் சாத்தியமில்லாதபோது இன்னும் ஒரு மாதம் வரை நீட்டிக்க விதியில் இடம் இருக்கிறது. ஆன்லைன் கணக்கில் உள்ள 'ஜர்னல்' பகுதியில் அன்றைக்கே காரணத்தை எழுதிவிட வேண்டும். 31-ம் நாள் சடங்கு என்றால் என்னவென்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு வரி விளக்கம் சேர்ப்பது நல்லது. பயணம் 4 வாரத்தைத் தாண்டப்போகிறது என்று தெரிந்ததுமே பிப் ஆபீஸுக்கும் சொல்லிவிட வேண்டும்.

சிகிச்சைக்காகச் சென்னைக்கோ கேரளாவுக்கோ போகிறவர்களுக்கு பிப் 26 வாரங்கள் வரை நீளும். நோய் பயணத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். பயணமும் சிகிச்சைக்காக மட்டுமே இருக்க வேண்டும். நடுவில் கல்யாணம், கோயில் குளம் என்று பட்டியல் நீண்டால் கேள்வி வரும். டாக்டர் கடிதத்தையும் அப்பாயின்ட்மென்ட் தேதிகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமல் போனால்? கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். கவனக்குறைவு என்று முடிவானால் 50 பவுண்டு அபராதமும் சேரலாம். வேண்டுமென்றே மறைத்ததாகக் கருதினால் மோசடி வழக்கு வரை போகும். மாதாமாதம் வரும் பணத்தையே நம்பியிருக்கும் வீட்டில், சில வாரப் பாக்கியைக் கட்டி முடிக்கவே மாதங்கள் ஆகும்.

இன்னொன்று, பூட்டிய வீட்டின் கதவுக்குள் விழுந்து கிடக்கும் கடிதங்கள். பிப் மறு ஆய்வுப் படிவம் வந்தால், பூர்த்தி செய்து அனுப்ப ஒரு மாதம்தான் அவகாசம். பதில் போகாவிட்டால் பணம் நின்றுவிடலாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுக்கும்போது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு தபாலையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.