அராவிய பல் வளராது

தாடை வலிக்கிறது, வாய் திறக்கையில் காதருகே சொடுக்குகிறது என்று வருபவரின் கடைவாய்ப் பற்களை அராவிக் கடியைச் 'சரிசெய்யும்' வழக்கத்திற்கு இனியும் அறிவியல் என்று பெயர் சூட்டலாகாது. கடிப்பிழையே தாடைமூட்டு நோயின் வேர் என்னும் கருத்துக்கு 1934இல் உரமிட்டவர் காஸ்டன் என்னும் அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். அராவுதல் இந்நோயைத் தீர்க்கும் என்பதற்கோ தடுக்கும் என்பதற்கோ சான்றில்லை என்று 2003இல் வெளிவந்த காக்ரேன் மறுஆய்வு உரைத்தது. 2014இல் பன்னாட்டு ஆய்வாளர் வகுத்த நோயறி அளவுகோலுக்கு அச்சுகள் இரண்டு: ஒன்று மூட்டையும் தசையையும் ஆராய்கிறது; மற்றொன்று மனச்சோர்வையும் பதற்றத்தையும் வலியால் முடங்கும் வாழ்வையும் அளக்கிறது.

பெங்களூருக்கு இது எட்டாக்கனி அன்று. அரசு பல் மருத்துவக் கல்லூரியும் நிம்ஹான்ஸும் ஒரே நகரில் உள்ளன. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசும் நோயாளிகளும் இங்கேயே உள்ளனர். அவரவர் மொழியில் செப்பமான வினாநிரல், பல்லையும் மனத்தையும் சேர்த்து ஆராயும் குழு: ஆய்வேடுகளின் முதற்தேவை இவையே. வண்ணத்தாளைக் கடிக்கச் செய்தால் பல்லில் பதியும் நீலப்புள்ளி, நோயாளியின் உறக்கமின்மையைச் சொல்லாது. தாடைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், மென்மையான உணவு ஆகியவற்றால் பலருக்கு வலி தணியும், தணியாவிடினும் இழப்பில்லை. அராவிய எனாமலோ ஒருபோதும் மீளாது.